புதுப்பிப்பு: மாடல் ரயிலுக்கு ஃபோம் பலகை அடித்தளம், தொய்வு சரியாகிவிட்டது

ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன்: ஹெச்ஓ அளவு (1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) தண்டவாளத்துக்கு அடியில் போட்ட தெர்மாகோல் நடுவில் தொய்ந்துவிட்டது, ரப்பர் பசை தடவிய இடமெல்லாம் கரைந்து குழியாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ரயில் நன்றாக ஓடுகிறது.

கைகொடுத்தது, மொட்டை மாடியில் வெப்பத்தைத் தடுக்கப் பதிக்கிற எக்ஸ்பிஎஸ் பலகையை (தெர்மாகோல் போலவே பாலிஸ்டைரீன் ஃபோம்தான், ஆனால் கெட்டியானது) வாங்கச் சொன்ன யோசனைதான். சேலத்திலேயே 50 மி.மீ. கனத்தில் கிடைத்தது. அடியில் பிளைவுட் சட்டம் கொடுத்தேன். ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான்தான் பாலிஸ்டைரீனைத் தின்கிறது, ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். வெள்ளை மரப்பசையும் எமல்ஷன் பெயின்ட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மரப்பசை காயக் காற்று வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே காற்றுப் புகாது. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோதும் பசை ஈரமாகவே இருந்தது. அப்புறம் மேலே செங்கல் அடுக்கி ஒரு வாரம் விட்டேன்.

எதிர்பாராதது சத்தம். ரயில் ஓடினால் பலகை தவில் போல அதிர்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் 3 மி.மீ. கார்க் ஒட்டியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. திருகு இந்தப் பலகையில் பிடிக்காது, பாயின்ட் மோட்டார் (ரயிலைத் தடம் மாற்றும் மோட்டார்) வரும் இடத்தில் முன்கூட்டியே மரக்கட்டை பதித்துவிடுங்கள்.

மீதித் துண்டுகளை அடுக்கிச் செதுக்கிச் சேர்வராயன் மலையை எழுப்பியிருக்கிறேன். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் 6 வளைவுகளுக்குத்தான் இடம் இருந்தது. சூட்டுக் கம்பியால் அறுத்தால் புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.