செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை

செருப்பு கழன்றதே தெரியாமல் நாலைந்து அடி நடந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் கிடக்கிறது. சர்க்கரை வந்து 11 வருடம். டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். வளையும்போது 10 கிராம் அழுத்தம் தருமாம். கையில் தொட்டுக் காட்டினார், தெரிந்தது. கண்ணை மூடச் சொன்னார். "எப்ப சார் கால்ல தொடுவீங்க?" என்று கேட்டேன். பெருவிரலில் மூன்று முறை தொட்டு முடித்திருந்தார்.

இந்த மரப்பு ஏன் விரலில் ஆரம்பிக்கிறது? விரலுக்கு வரும் நரம்பு இழையின் செல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. செல் கண்ணுக்குத் தெரியாத அளவு, இழையோ கிட்டத்தட்ட 1 மீட்டர். அவ்வளவு நீளத்துக்குப் பராமரிப்பு போய்ச் சேர வேண்டும். மிஞ்சிய சர்க்கரையை சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுவதில், செல்லுக்குள் இருக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற துணைப்பொருள் செலவாகிறது. வீரியமான ஆக்சிஜன் கழிவை அடக்கும் குளூட்டதயோனைப் புதுப்பிக்கவும் அதுவே வேண்டும். ஒரே உண்டியல், இரண்டு செலவு. அடங்காத கழிவு இழையைக் கெடுக்கிறது.

—

அண்ணே, உங்கள் காலில் நடப்பது மாதிரி ஒன்றை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது செய்த ப்ராஜெக்ட். தட்டில் வளர்த்த எலியின் நரம்பு செல்கள். சாயம் ஏற்றிய மைட்டோகாண்ட்ரியாக்கள் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்புகள்) இழைக்குள் எறும்புச் சாரி போலப் போகும், வரும், சில சும்மா நிற்கும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் சொன்ன ஆக்சிஜன் கழிவில் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டோம். (முதல் தட்டில் அளவு தெரியாமல் ஊற்றி மொத்தமும் காலி. கைடிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.) அளவாக விட்ட தட்டில் முதலில் சாரி தடுமாறியது, பிறகு நின்றது. சில மணி நேரத்தில் இழை கோத்த பாசிமணி மாதிரி முண்டு முண்டாகிவிட்டது. தண்டவாளமான நுண்குழல்கள் சிதைந்து, சரக்கு தேங்கிய இடங்கள் அவை. செல் மட்டும் அப்போதும் உருண்டையாக, நன்றாகத்தான் இருந்தது. செல் செத்தால்தான் இழை சாகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இழைக்குள்ளேயே சார்ம்1 என்று ஒரு புரதம் உண்டு. அது விழித்துக்கொண்டால் அங்கே ஆற்றலுக்கு வேண்டிய என்.ஏ.டி. என்ற பொருளைத் தின்று தீர்க்கும். இழை தானாகவே துண்டு துண்டாகும்.

—

தம்பி, அப்போ அந்த ஆக்சிஜன் கழிவை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் சரியாகுமா?

—

தட்டில் முன்கூட்டியே கொடுத்தால் ஓரளவு காக்கும் அண்ணே. ஆனால் அறுந்த இழையை மாத்திரை ஒட்டவைக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சர்க்கரையைப் பிடித்து வையுங்கள். பி12 அளவும் பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் கால் மரக்கும்.

—

பார்க்கிறேன். இப்போதெல்லாம் ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறேன். போன வாரம் ஒரு குண்டூசி இருந்தது.