யூ.என்.சி. (சேப்பல் ஹில், வட கரோலைனா பல்கலைக்கழகம்) பெண்கள் சாக்கர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு மேட்ச்

மாரிஸ்வில்_அப்பா:
2022 டிசம்பர், கேரி ஊர்ல வேக்மெட் பார்க் மைதானம், கலிஃபோர்னியாவோட யூ.சி.எல்.ஏ. யூனிவர்சிட்டிகூட தேசிய காலேஜ் ஃபைனல். எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனா எனக்கு இன்னும் ஆறலை. 2-0 முன்னால இருந்தோம், ரெண்டும் ஏவரி பேட்டர்சன் போட்டது. கடைசிப் பத்து நிமிஷத்துல அவங்க ஒண்ணு திருப்பினாங்க. சரி, 2-1, தாங்கிடுவோம்னு இருந்தோம். காலேஜ் சாக்கர்ல கடிகாரம் மேல ஏறாது, 45-லேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். மத்த இடத்துல ரெஃப்ரீ எப்ப ஊதுவார்னு தெரியாது, ஏதோ ஒரு நம்பிக்கையில உட்கார்ந்திருப்போம். இங்க மொத்த ஸ்டேடியமும் போர்டைப் பார்த்து எண்ணுது. என் பொண்ணும் சத்தமா எண்றா. பதினெட்டு, பதினேழு... 16 நொடி பாக்கி இருக்கும்போது ரைலின் டர்னர் தலையால முட்டி உள்ள தள்ளிட்டா. அப்புறம் எக்ஸ்ட்ரா டைம், 3-2, எல்லாம் முடிஞ்சது. மூணாவது கோல் எப்படி விழுந்ததுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பதினாறு மட்டும் தெரியும்.

பழைய_சேப்பல்ஹில்காரன்:
தம்பி, நீங்க பார்த்தது தோல்வி. நான் பார்த்தது ஊரே நம்ப மறுத்த தோல்வி. 1995. நான் எம்.எஸ். படிக்க வந்த புதிது. 1986-லிருந்து 94 வரை தொடர்ந்து ஒன்பது பட்டம் வாங்கிய அணி. அதற்கு முந்தின வருடம், 1985-ல், ஜார்ஜ் மேசனிடம் ஃபைனலில் தோற்றதை யாரோ கிழவர்கள் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அரையிறுதியும் இறுதியும் நம் ஃபெட்ஸர் மைதானத்திலேயே. எல்லோரையும் போல நானும் இரண்டு நாளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருந்தேன்.

அரையிறுதியில் நோட்ர டேம் பல்கலைக்கழகம். அவர்களுடைய ஃப்ரீ கிக் ஒன்று வருகிறது, நம் சிண்டி பார்லோ தலையில் பட்டு நம் வலைக்குள்ளேயே விழுகிறது. முதலாண்டு மாணவி. 1-0, கடைசி வரை அதுவேதான். அடுத்து ஃபைனலுக்குப் போய் உட்கார்ந்தோம் பாருங்கள், அதுதான் எனக்கு மறக்கவில்லை. நம் மைதானம், நம் டிக்கெட், ஆடுவது நோட்ர டேமும் போர்ட்லண்டும்! அதுவும் மூன்றாவது ஓவர்டைம் வரை இழுத்து 1-0. யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சிண்டி 1999-ல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2020-ல் அமெரிக்க சாக்கர் சம்மேளனத்தின் தலைவரானார். ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதியம் என்ற 2022 ஒப்பந்தம் அவர் காலத்தில்தான் வந்தது.

டேட்டா_மீனா:
நான் மேட்ச் அதிகம் பார்த்ததில்ல. அங்க ஸ்டாட்ஸ் லேபுக்கு டி.ஏ.வா (டீச்சிங் அசிஸ்டென்ட்) இருந்தப்ப டீம்ல ஆடற ஒரு பொண்ணு என் செக்‌ஷன்ல இருந்தா. சொந்தமா டேட்டா கொண்டு வாங்கன்னு அசைன்மென்ட். மத்தவங்க மழை அளவு, காபி விலைன்னு கொண்டு வந்தாங்க. இவ தன் பிராக்டிஸ் ரேங்க்கைக் கொண்டு வந்தா. அவங்க 'காம்பெட்டிட்டிவ் கால்ட்ரன்'னு சொல்வாங்களே, அதான். ஒருத்திக்கு ஒருத்தி மோதறது, ஓட்டம், ஷூட்டிங், ஹெட்டிங், எல்லாத்துக்கும் தினம் மார்க் எழுதி, வரிசை போட்டு ஒட்டிடுவாங்க. பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித் பிராக்டிஸ்ல எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறதைப் பார்த்து இந்த டீமோட கோச்சா இருந்த ஆன்சன் டோரன்ஸ் எடுத்துக்கிட்ட பழக்கம்.

அவ பேர் அந்தப் பட்டியல்ல கீழேருந்து மூணாவது. கிராஃப் வரைஞ்சு, தன் புள்ளிக்குச் சிவப்புக் கலர் குடுத்து, க்ளாஸ் முன்னால நின்னு விளக்கினா. குரல்ல ஒரு பிசிறு இல்ல. நம்ம ஊர்ல ரேங்க் கார்டை அப்பாகிட்ட நீட்டக் கை நடுங்கும், இவ ப்ரொஜெக்டர்ல போடறா. புலம்பக் கூடாதுங்கறது அந்த டீம் மனப்பாடம் பண்ற விதிகள்ல ஒண்ணு, அதனாலயான்னு தெரியல. அது தைரியமா, பழக்கிவிட்டதான்னு நான் இன்னும் முடிவுக்கு வரல. அசைன்மென்ட்டுக்கு ஏ குடுத்தேன்.

சும்மா_ஒரு_டவுட்டு:
எல்லாரும் உருகறீங்க. 2003 ஃபைனலுக்கு ஃப்ரெண்டு இழுத்துட்டுப் போனான். யூகானை (கனெக்டிகட் யூனிவர்சிட்டி) 6-0. அந்த வருஷம் 27 மேட்ச், 27-ம் ஜெயிச்சாங்க. ஆறாவது கோலுக்கு எனக்குப் பக்கத்து ஆள் போன்ல பேசிட்டிருந்தான். இதான் என் அனுபவம்.

விஷயம் என்னன்னா, இந்த 22 என்.சி.ஏ.ஏ. (காலேஜ் விளையாட்டு நடத்தற தேசிய அமைப்பு) பட்டத்துல பாதிக்கு மேல எதிராளியே இல்லாத காலத்துல வந்தது. 1982-ல முதல் போட்டியில மொத்தமே 12 டீம். இப்ப 64. மத்த காலேஜெல்லாம் பெண்களுக்கு டீம் வைக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருந்தப்ப இவங்க முந்திக்கிட்டாங்க. கால்ட்ரன் அது இதுன்னு அப்புறம் கதை கட்டறாங்க. 2012-க்கு அப்புறம் 2024 வரைக்கும் ஒண்ணாவது வந்ததா? 2018 ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட போச்சு, 2019 ஸ்டான்ஃபோர்ட்கிட்ட பெனால்டியில போச்சு, 2022 மாரிஸ்வில் அண்ணா சொன்னது.

பழைய_சேப்பல்ஹில்காரன்:
முந்திக்கொண்டார்கள் என்றால் சும்மா கிடைத்ததா? 1979-க்கு முன் அது மாணவிகள் நடத்திய வெறும் கிளப். எங்களையும் பல்கலைக்கழக அணியாக்குங்கள் என்று கேட்டது அந்தப் பெண்கள்தான். அப்போது ஆண்கள் அணிக்குக் கோச்சாக இருந்த டோரன்ஸை, போய்ப் பார்த்துவிட்டு வா என்று விளையாட்டுத் துறைத் தலைவர் அனுப்பினார். அவரும் பத்து வருடம் போல இரண்டு அணியையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். 1981-ல் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற கல்லூரிப் பெண்கள் விளையாட்டு அமைப்பு நடத்திய முதல் தேசியப் போட்டியிலேயே பட்டம், அதையும் சேர்த்தால் 23. 1991-ல் சீனாவில் முதல் உலகக் கோப்பை வென்ற அமெரிக்க அணியில் 18 பேரில் 9 பேர் இங்கே ஆடியவர்கள், மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி உட்பட. நார்வேயை 2-1 என்று ஜெயித்தது காலேஜ் போட்டி இல்லையே!

சட்டம்_படித்த_சுதா:
எனக்கு இந்த அணி மைதானத்தில் அறிமுகமாகவில்லை, வகுப்பில் அறிமுகமானது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் ஒன்பது சட்டத்தைப் பற்றிய பாடத்தில் 'ஜென்னிங்ஸ் எதிர் வட கரோலைனா பல்கலைக்கழகம்' என்று ஒரு வழக்கு. பெயரைப் பார்த்து ஏதோ நிதி ஒதுக்கீட்டுத் தகராறு என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பயிற்சியாளர் டோரன்ஸ் வீராங்கனைகளிடம் அவர்களுடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பேசினார், கேட்டார் என்பது குற்றச்சாட்டு. 1998-ல் முன்னாள் வீராங்கனைகள் இருவர் தொடுத்தது. துன்புறுத்தல் என்பதை அவர் மறுத்தார். 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது விசாரணைக்குப் போக வேண்டிய வழக்கு என்றது. விசாரணைக்கு முன் 2008-ல் 3,85,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

1972-ல் வந்த அதே டைட்டில் ஒன்பது இல்லாவிட்டால் இந்த அணியே பிறந்திருக்காது. அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜென்னிங்ஸும் நீதிமன்றம் போனார். தீர்ப்பைப் படித்த வாரத்தில் விளையாட்டு ரசிகையான என் அறைத்தோழி மியா ஹாம் படத்தைச் சுவரில் ஒட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, படம் இரண்டு வருடம் அங்கேயே இருந்தது. 2019-ல் திறந்த புது ஸ்டேடியத்தின் ஆடுகளத்துக்கு டோரன்ஸ் பெயர். பட்டங்களை எண்ணுபவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மீனா, உங்கள் மாணவி கதையைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

கிளப்_குமார்:
சம்மர் கேம்ப்ல டோரன்ஸை இருபது அடி தூரத்துல பார்த்திருக்கேன். மனுஷன் பிறந்தது பம்பாயில, தெரியுமா? அப்பா எண்ணெய்க் கம்பெனி வேலை, சிங்கப்பூர் உட்பட ஊர் ஊரா வளர்ந்தவர். போய்ச் சொல்லலாமான்னு கால் எடுத்தேன், பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டா.

மாரிஸ்வில் சார், உங்க பொண்ணு இவ்ளோ ஆர்வமா எண்ணியிருக்கான்னா இப்பவே பிளான் பண்ணுங்க. காலேஜ் கோச் நேரடியாப் பேசறதுக்கு பத்தாவது முடிஞ்ச ஜூன் 15 வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி அவங்க வாய் திறக்கக் கூடாது. ஆனா நீங்க வீடியோ அனுப்பலாம், தடையில்ல. கேம்ப்புக்கு வாங்கன்னு மெயில் வந்தா செலக்ட் ஆயிட்டோம்னு நினைக்காதீங்க, அது எல்லாருக்கும் போற மெயில். முழு ஸ்காலர்ஷிப்னு கனவு காணாதீங்க. ரொம்ப வருஷம் ஒரு டீமுக்கு 14 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபத்தஞ்சு, முப்பது பேருக்குப் பிச்சுப் பிச்சுக் குடுப்பாங்க. 2025-லேர்ந்து அந்தக் கணக்கு போய், புது ஏற்பாட்டுக்குள்ள வந்த காலேஜ்ல டீமுக்கு 28 பேர்தான்னு வரம்பு. அதாவது ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கிற வாய்ப்பும் குறைஞ்சுடுச்சு. இ.சி.என்.எல். (சின்ன வயசு வீரர்களுக்கான தேசிய கிளப் லீக்) கிளப்ல போடுங்க. இடது கால் பழக்குங்க. மார்க்கை விட்டுடாதீங்க, அட்மிஷன் ஆபீஸ் கோச் பேச்சை எப்பவும் கேட்காது. வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, ஒரு எக்ஸெல் ஷீட் வச்சிருக்கேன்.

மாரிஸ்வில்_அப்பா:
நன்றி குமார். அவ வயலின் வாசிக்கிறா, சாக்கர் ஆடறதில்ல.

டர்ஹம்_நீலம்:
நான் பக்கத்து ஊர் எதிரி யூனிவர்சிட்டி டியூக் ஆள், திட்டுங்க. 2024 அரையிறுதி, அதே கேரி. டோரன்ஸ் சீசன் தொடங்கற நேரத்துல ஓய்வுன்னு கிளம்பிட்டார், டேமன் நாஹஸ் இடைக்கால கோச். இந்த வருஷம்தான் நம்ம வருஷம்னு போனோம். 3-0-னு தோத்தோம். மூணாவது விழுந்ததும் எங்க வரிசையில ஒருத்தர் ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டார், லோகோ உள்ள போற மாதிரி. அடுத்த திங்கட்கிழமை ஃபைனல்ல யூ.என்.சி. வேக் ஃபாரஸ்ட்டை 1-0, கார்னர்ல வந்த கோல், பட்டம் அவங்களுக்கு. நாஹஸுக்கு அந்த 'இடைக்கால'மும் போச்சு. அதனால டவுட்டு தம்பி, 64 டீம் காலத்துலயும் ஜெயிக்கிறாங்க, அதை விடுங்க.

என் குறை வேற. மேல இத்தனை பேர் எழுதியிருக்கீங்க, பழைய சார் 95-ஐப் பத்தி அவ்ளோ எழுதினார், ஒருத்தராவது 1994 அக்டோபரைச் சொன்னீங்களா? 101 மேட்ச் தோக்காம வந்தவங்களை 3-2-னு நிறுத்தினது டியூக். அந்த வருஷமும் கடைசியில அவங்களே பட்டம் வாங்கினாங்க, தெரியும். அதுக்காக 3-2 இல்லாமப் போயிடுமா?