கோட்டையையும் சேர்த்து ஓட ஒரு சுற்று வழி சொல்லுங்கோ

வணக்கம். விடியக்காலையில் ஓடத் தொடங்கி 2 மாதம் ஆகிறது. திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில் தொடங்கி, மர நிழலோடு கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குவேன். மரத்தடியில் படுத்திருக்கும் மான்கள் இப்போது என்னைக் கண்டு எழும்புவதுகூட இல்லை, அவ்வளவு மெதுவான ஓட்டம்! ஆனால் போன வழியே திரும்பி வருவது அலுத்துவிட்டது. கோட்டையிலிருந்து இறங்கி, உட்துறைமுக வீதி, உவர்மலைப் பக்கம் சுற்றி மறுபடி கோட்டைக்கே வந்தால் 5 கிலோமீற்றராவது வருமா? கடற்கரை மணலில் சப்பாத்து புதைகிறது, தார் வீதிதான் வேண்டும். நிழலும் முக்கியம். அப்புறம் நாய்கள்... போன கிழமை ஒன்று துரத்தியபோதுதான் நான் உண்மையிலேயே வேகமாக ஓடினேன். அந்தப் பக்கம் ஓடுகிற அண்ணாமார், அக்காமார், எந்த ஒழுங்கையைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கோ.