‘யூசர் ஃப்ரெண்ட்லி’: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

மடல் 1, ஈரோடு

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கணினியும் முகநூலும் சொல்லிக்கொடுக்கிறேன். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் பாடத்தில் கொஞ்சம் வரலாறு வைத்திருக்கிறேன்: 1968இல் அமெரிக்கப் பொறியாளர் எங்கல்பார்ட் மேடையில் சுட்டியை (மவுஸ்) இயக்கிக் காட்டியது, 1972இல் கணினி அறிஞர் ஆலன் கே குழந்தைகளுக்காகக் கற்பனை செய்த டைனாபுக் என்ற கையடக்கக் கணினி, 1984இல் ஆப்பிளின் மக்கின்டோஷ். தலைப்பு ‘பயனர் நட்புக் கணினி’. போன வாரம் ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, “பயனர்னா யாரு?” என்றார். நீங்கள்தான் என்றேன். “எனக்கும் இந்த டப்பாவுக்கும் எப்ப நட்பாச்சு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வேறு சொல் இருந்தால் கொடுங்கள்.

மடல் 2, மதுரை

தம்பி, அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. ‘நட்பு’ ஆங்கிலத்தின் நிழல். நம்மிடம் சொல் இருக்கிறது. ‘காட்சிக்கு எளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்’ என்று மன்னனுக்குச் சொன்னார் வள்ளுவர். அணுக எளியவனாக இரு, சுடுசொல் பேசாதே. கணினிக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? பிழைச்செய்தி காட்டுகிறதே, அது கடுஞ்சொல்தானே! இன்னும் சுருக்கமாக வேண்டுமா? ‘எண்பதத்தால் எய்தல் எளிதென்ப’ என்ற குறளைப் பாருங்கள். எண்பதம் என்றால் எளிய செவ்வி, அதாவது எளிதில் அணுகக் கிடைப்பது. ‘எண்பதக் கணினி’ என்று போடுங்கள்.

மடல் 3, சென்னை

ஐயா, குறள் அருமை. ஆனால் ‘எண்பதக் கணினி’யைப் படிப்பவர் எண்பதாவது கணினி என்று நினைப்பார். டிஜிட்டலுக்கு ‘எண்ம’ என்று வேறு புழங்குகிறோம். எண்ம எண்பதம் என்று எழுதினால் கணக்குப் பாடம்தான்.

மடல் 4, மதுரை

‘எண்மை’ எளிமையின் மறுவடிவம். ‘எண்ம’ நேற்று வந்தது. வழிவிட வேண்டியது யார்? ‘எண்பொருளவாகச் செலச்சொல்லி’ என்ற குறளிலும் இதே எண்தான். எள் என்ற சிறு வித்து, எளிமை, எண்மை, எள்ளல் எல்லாம் ஒரு வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். எளியதை உலகம் எள்ளும். தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன் சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறார். இதைத் தனி மடலாகவே எழுதுகிறேன்.

மடல் 5, யாழ்ப்பாணம்

ஐயா, எள் காயட்டும், தம்பிக்குத் திங்கட்கிழமை அச்சு! எங்கட பக்கம் ‘சூழல்நேயம்’ என்று எழுதுகிறம், அதே வழியில் ‘பயனர்நேயம்’ என்றும் எழுதலாம். நட்பு என்றால் இரண்டு பக்கமும் வேணும். நேயம் ஒரு பக்கமிருந்தே வரலாம், கணினிக்குத்தான் எங்கள் மேல் இருக்க வேணும்.

மடல் 6, மதுரை

நேயம் ‘ஸ்நேகம்’ வழி வந்தது, அம்மா.

மடல் 7, யாழ்ப்பாணம்

அப்படியென்றால் மனிதநேயத்தையும் கைவிடுவமா, ஐயா?

மடல் 8, சென்னை

நான் இடைமுகங்களை, அதாவது செயலித் திரையில் தெரியும் சொற்களை, தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி பொத்தான். ‘சேமி’ என்று ஏவலில் வைப்பதா, ‘சேமிக்க’ என்று வியங்கோளில் வைப்பதா? ‘அழி’ என்ற பொத்தானைப் பார்த்து ஒருவர் என்னிடமே கேட்டார்: “இது என்னை அழிக்கச் சொல்லுதா, நான் இதுகிட்ட அழின்னு சொல்றேனா?” கணினிக்கு நாம் இடும் கட்டளை என்றால் ‘அழி’ போதும். நமக்குக் கணினி சொல்லும் யோசனை என்றால் ‘அழிக்க’ என்பதுதான் மரியாதை. நேயம் அங்கே இருக்கிறது, தலைப்பில் இல்லை.

இன்னொன்று. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழும், ‘க்க’ வந்துவிடும். ‘அக்கா’ எழுதப் புள்ளியைத் தேட வேண்டாம். இருந்தும் என் நண்பர்களில் பாதிப்பேர் ‘அம்மா’வை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் வரவழைக்கிறார்கள். கை பழகியது அப்படி. ஆகவே ‘பழகெளிய’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். வினைத்தொகை மாதிரி இருக்கிறதே என்று ஐயா அடிக்க வருவார். பழக எளிய என்பதன் மரூஉ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மடல் 9, ஈரோடு

நேற்று வகுப்பில் நடந்தது. அதே அம்மா பேத்தியின் படத்தை ஏற்றி, ‘பகிர்’ வரைக்கும் தானே வந்துவிட்டார். விரலை அழுத்தாமல் நிறுத்தி, “இது யாருக்கெல்லாம் போகும்?” என்றார். மேலே சின்னதாக ஓர் உலக உருண்டை இருந்தது. அதுதான் ‘எல்லாருக்கும்’ என்று காட்டினேன். “உருண்டையைப் போட்டா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஊருக்கேன்னு எழுதிவைக்கக் கூடாதா?” அதை ‘நண்பர்களுக்கு’ என்று மாற்ற எங்களுக்குப் பத்து நிமிடம் ஆனது. படத்தை ஏற்றவே அவருக்கு ஒரு நிமிடம்தான்.

மடல் 10, யாழ்ப்பாணம்

அதைத்தான் சொல்ல வந்தனான். முகநூல் எளிதில்லை என்று யார் சொன்னது? விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். கணக்குத் திறக்கிறது சுகம், மூடுகிறது கஷ்டம். உங்கட ‘பழகெளிய’வில் இதெல்லாம் தேறிவிடும். எளிமை வேற, என் பக்கம் நிற்கிறது வேற. எனக்கு நேயம்தான் வேணும்.

மடல் 11, சென்னை

அக்கா சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் ‘பயனர்நேயம்’ என்றால் அந்த அம்மா மறுபடியும் “பயனர்னா யாரு?” என்றுதான் கேட்பார். அச்சுக்கு ‘பயன்படுத்த எளிய கணினி’ போதும். கலைச்சொல் இல்லை, வெறும் தமிழ்.

மடல் 12, ஈரோடு

சரி, அப்படியே அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனி மடலிலும் இதையே சொன்னார்கள். சமூக வலைத்தளப் பாடத்துக்கு மட்டும் அக்காவின் நேயத்தை எடுத்துக்கொண்டேன்; “இது யாருக்கெல்லாம் போகும்?” என்பதுதான் அதன் முதல் வரி. எல்லாருக்கும் நன்றி.

மடல் 13, மதுரை

என் மாற்றுக் கருத்து பதிவில் இருக்கட்டும். எண்பதம் ஒருநாள் வரும். கையேட்டின் மெய்ப்பு பார்த்தேன், நான்காம் பக்கத்தில் ‘பயனர்கள்’ என்று இருக்கிறது. ‘அர்’ என்பதே பலர்பால் விகுதி. பிறகு ‘கள்’ எதற்கு?