திருச்சி வானொலி 936 பக்கத்து அலைகளை அமுக்கினால்: போலி எங்கே பிறக்கிறது?

காரைக்குடியிலிருந்து:

மொட்டை மாடியில் 20 மீட்டர் ஏரியல் கம்பி கட்டி எஸ்டிஆரில் (கணினி மென்பொருளில் ஓடும் ரேடியோ ரிசீவர்) கொடுத்தால், திருச்சி 936 கிலோஹெர்ட்ஸும் மதுரை 1269-உம் ரிசீவருக்குள் கலந்து, நிலையமே இல்லாத இடங்களில் போலியாகப் பேசும். 333, 603, 1602, 2205 என்று எங்கே கேட்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாம் இந்த இரண்டு எண்ணின் கூட்டல் கழித்தல்தான் (603, 1602 இரண்டும் ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தது).

சோதிக்க ஏரியலுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு 10 டெசிபல் அட்டென்யூவேட்டர் (அலையை அவ்வளவு குறைக்கும் மின்தடைச் சுற்று) போதும்: நடுவில் 68 ஓம், அதன் இரு முனையிலிருந்தும் எர்த்துக்கு 100 ஓம். உண்மையான நிலையம் 10 டெசிபல் இறங்கும். உள்ளே பிறந்த போலி 333, 2205-இல் 20, மற்ற இரண்டில் 30 வரை விழும். ஆட்டோ கெயினை (பெருக்கத்தைத் தானாக மாற்றும் வசதி) அணைத்துவிட்டு அளக்கவும், இல்லையென்றால் வித்தியாசம் தெரியாது.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் சொன்ன சோதனையில் 20, 30 விழுந்தால் டிராப் (936-ஐ மட்டும் தடுக்கும் சுற்று) போடலாம். காயிலும் கண்டன்சரும் பேரலலாக, ஏரியலுக்கும் ரிசீவருக்கும் நடுவே. பலர் 100 மைக்ரோஹென்றி சுற்றுகிறார்கள். 50 ஓம் ரிசீவரில் அது 1269-ஐயும் 19 டெசிபல் வாக்கில் விழுங்கிவிடும். மதுரையையும் அதன் பக்கத்து நிலையங்களையும் கேட்க வேண்டுமென்றால் 10 மைக்ரோஹென்றியே நல்லது: 50 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 24 கேஜ் எனாமல் கம்பி 11 சுற்று, நெருக்கமாக. கண்டன்சர் மொத்தம் 2890 பிகோஃபாரட்: 2200, 470 இரண்டும் நிலையாக, மீதி 220 பழைய ரேடியோவின் கேங்கில் (திருகி மாற்றும் கண்டன்சர்). நிலையானவை பாலிஸ்டைரீன் அல்லது மைக்காவாக இருக்கட்டும். மலிவான செராமிக் டிஸ்க் போட்டால் 936-இல் விழும் குழி ஆழமாகாது, வெயிலில் இடமும் நகரும். ஃபெரைட் கோலில் சுற்ற வேண்டாம், அதுவே திருச்சியைப் பிடிக்கும். தகர டப்பாவில் வைத்தால் காயிலைச் சுற்றி 5 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

போலியும் வெறும் 10 டெசிபல்தான் இறங்குகிறதா? அப்படியானால் அது ரிசீவருக்கு வெளியே பிறக்கிறது, டிராப் உதவாது. நம்ம பக்கத்து வீடுகளில் வளவுக் கொடிக்கம்பி, துருப்பிடித்த சன்னல் கம்பி, தகரக் கூரையின் ஆணி, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. துரு படிந்த இணைப்பு டயோடு மாதிரி வேலை செய்யும். ஒருவர் ரிசீவரைக் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒலி மாறும் இடத்தில் துருவைச் சுரண்டி இறுக்கிக் கட்டுங்கள், அல்லது நைலான் கயிறு போட்டுப் பிரித்துவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ப்ரீஆம்ப் (ஏரியல் அலையை ரிசீவருக்கு முன்பே பெருக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் டிராப்பை அதற்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் கலப்பு ப்ரீஆம்பிலேயே முடிந்திருக்கும்.