11 வயதில் கல்லீரலில் கொழுப்பு: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டு மல்லிகை:
பையனுக்கு 11 வயது, 58 கிலோ. வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்தோம். குடல்வால் நன்றாக இருக்கிறது, கல்லீரலில்தான் கொழுப்பு, கிரேடு 2 என்றார்கள். அதைவிட என்னை அரிப்பது அன்று சாயங்காலம் நடந்தது. சீட்டில் டாக்டர் 'நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்', அதாவது குடிப்பழக்கத்தால் வராத கல்லீரல் கொழுப்பு, என்று எழுதியிருந்தார். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆல்கஹால் மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. "ஏன்டா, இந்த வயசுல என்னடா குடிச்சே?" ஹாலில் நாத்தனார் குடும்பம் வேறு உட்கார்ந்திருந்தது. பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, "மாம்பழ ஜூஸ்தான் தாத்தா" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் எண்ணெய்ப் பலகாரமே கிடையாது. வேறு யார் வீட்டிலாவது இப்படி?

மொட்டைமாடி:
சிரிக்கக் கூடாதுதான், ஆனாலும் தமிழில் வாசித்தால் 'நான் ஆல்கஹாலிக்' என்றுதானே வருகிறது. தாத்தாவைக் குறை சொல்ல முடியாது.

நாலாம்வகுப்பு அம்மா:
எங்களுக்குக் கழுத்தில் தெரிந்தது. பின்கழுத்து கறுப்பாக, வெல்வெட் மாதிரி. அழுக்கு என்று நினைத்து ஒரு வருடம் பயத்தமாவு, பீர்க்கங்கூடு என்று தேய்த்தேன். "எரியுதும்மா" என்று அழுவான். ஒழுங்காகக் குளிக்காவிட்டால் எரியத்தான் செய்யும் என்று ஒருநாள் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். சளிக்குப் போன இடத்தில் டாக்டர் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, "இது அழுக்கில்லைங்க, உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதுக்கு அடையாளம்" என்றார். ஸ்கேனில் கல்லீரலிலும் கொழுப்பு. அந்த அடியை இன்னும் மறக்க முடியவில்லை. அவன் மறந்துவிட்டான் என்கிறான்.

ஓய்வுபெற்ற கணக்கன்:
என் அண்ணன் பேத்திக்கும் இதே கதை. கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 43. லேப் தாளில் 45 வரை நார்மல் என்று அச்சடித்திருந்ததால் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டார்கள். எங்கள் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்கிறேன். அந்த 45 பெரியவர்களுக்கான கணக்கு. அமெரிக்கக் குழந்தைக் குடல்நல மருத்துவர்களின் வழிகாட்டுதல்படி பையன்களுக்கு 26, பெண்களுக்கு 22 தான் மேல் எல்லை. தாளில் தடித்த எழுத்து இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை.

மல்லிகை, எண்ணெயை நிறுத்தினீர்கள், சரி. ஜூஸை நிறுத்தினீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. உங்கள் பையன் தாத்தாவிடம் சொன்ன பதில்தான் சரியான பதில். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அதில் பெரும்பங்கைக் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். 2019-ல் அமெரிக்காவில் 11 முதல் 16 வயது வரை உள்ள 40 பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் சேர்க்கும் சர்க்கரையை அநேகமாக இல்லாமலே செய்தார்கள். கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்ட பிரிவில் 21 இருபதானது, அவ்வளவே. கவனியுங்கள், பையனுக்கு மட்டும் தனிச் சமையல் இல்லை, வீடு முழுக்க அதே சாப்பாடு. முழுப் பழம் கொடுக்கலாம், பயம் வேண்டாம். இன்னொன்று, குடலிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடல் சுவர் புண்பட்டிருந்தால் அங்கே இருக்கும் கிருமிக் கழிவும் அதே வழியில் போய்க் கல்லீரலை வீங்க வைக்கும் என்கிறார்கள். அப்புறம், சீட்டில் இருந்த அந்த 'நான்-ஆல்கஹாலிக்' பெயரையே 2023-ல் மாற்றிவிட்டார்கள், ஆல்கஹால் என்ற சொல் இப்போது அதில் கிடையாது. உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்.

வேலியோரம்:
எங்கள் வீட்டில் கீழாநெல்லியும் சீந்தில் கஷாயமும் கொடுத்தோம், ஒரு மண்டலம். எடையும் குறைந்தது. பிள்ளை ஒல்லியானால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். டாக்டர்கள் சும்மா பயமுறுத்துவார்கள்.

மூன்றாவது மாடி:
வேலியோரம், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் மகளுக்கு 13 வயது. 61 கிலோ இருந்தவள் நாலு மாதத்தில் 52. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக இறங்கியது. தங்கை கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். "என்ன டயட்?" என்று அத்தைமார்கள் கேட்டார்கள். பாவாடையைத் தையல்காரர் இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் எழுந்து கழிவறைக்குப் போனாள். பின்னாலேயே போன நான் கதவுக்கு வெளியே நின்று, "சீக்கிரம் வாடி, போட்டோ எடுக்கக் கூப்பிடறாங்க" என்றேன். உள்ளே அவள் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "இளைக்கறது நின்னுடும்னு நெனச்சேம்மா" என்றாள்.

மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்று ஒரு சோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். 50-க்குள் இருக்க வேண்டியது 1800-ஐத் தாண்டியிருந்தது. கொலனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, செய்தும் குடல் காசநோயா, இல்லை குடல் நீண்ட நாள் புண்பட்டே இருக்கும் க்ரோன் நோயா என்று பிரித்துச் சொல்ல மூன்று வாரம் ஆனது. நம் ஊரில் இரண்டும் ஒரே மாதிரி தெரியுமாம். க்ரோன் என்று முடிவானது. ஆறு வாரம் சோறு கிடையாது, டாக்டர் சொன்ன சத்துப் பானம் மட்டும். தீபாவளி அதற்குள் வந்து போனது. இப்போது ஒவ்வொரு முறையும் எடை ஏறியிருக்கிறதா என்றுதான் டாக்டர் பார்க்கிறார். ஏறியிருந்தால் இவள் முகம் சுருங்குகிறது.

குண்டான பிள்ளை தானாக இளைத்தால் கொண்டாடாதீர்கள்.

வேலியோரம்:
நான் எல்லாப் பிள்ளைகளையும் சொல்லவில்லை. மூலிகை யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

ஓய்வுபெற்ற கணக்கன்:
செய்திருக்கிறது. கோவிட் காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஏற்கெனவே கொழுப்பு ஏறிய கல்லீரலில் அதைப் போய் ஊற்றாதீர்கள். எதற்கும் உங்கள் பிள்ளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

ஈரோட்டு மல்லிகை:
மூன்றாவது மாடி அக்கா, இரண்டு தடவை படித்தேன். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

கணக்கன் சார், நீங்கள் கேட்டது உறைத்தது. ஜூஸை நான் வாங்குவதில்லை. பள்ளி விட்டதும் அழைத்து வருபவர் மாமனார், தினமும் கடையில் நின்றுதான் வருவார்களாம், நேற்றுதான் பையன் சொன்னான். பெயர் மாறிய விஷயத்தை அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனார். இன்று அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் பத்து ரூபாய் ஜூஸ் டப்பா ஒன்று, ஸ்ட்ராவோடு. கேட்டால் "எனக்கும்மா" என்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய்.