முகிலடியா, முகிற்கூரையா? தாழ்ந்த முகிலின் கீழ் பறப்பதற்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், பறத்தல் பயிற்சிக்கான வானிலைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று ஆங்கிலச் சொற்கள் இன்னும் இழுபறியில் உள்ளன: சீலிங், ஸ்கட் (மழைமுகிலுக்குக் கீழே பிய்ந்து திரியும் முகில் துண்டுகள்), ஸ்கட் ரன்னிங். முதலாவதற்கு ‘முகிலடி’ என்றும் (மாற்றாக ‘முகிற்கூரை’யும் கையில் இருக்கிறது) இரண்டாவதற்குக் ‘கந்தல் முகில்’ என்றும் போட்டிருக்கிறேன். மூன்றாவது, இறங்கிவரும் முகிலுக்குக் கீழே தரையைக் கண்ணில் வைத்தபடி தாழப் பறந்து போய்ச்சேரப் பார்ப்பது. ‘முகிலடிப் பறத்தல்’ போதுமா?

பயிற்றுநர்:
‘முகிலடி’ சீலிங் ஆகாது. அடி எல்லா முகிலுக்கும் உண்டு. வானத்தை எட்டுப் பங்காக்கி, பாதிக்கு மேல் மூடிய அடுக்குகளில் மிகத் தாழ்ந்தது எதுவோ அதன் அடியைத்தான் சீலிங் என்கிறோம். அதுவும் 20,000 அடிக்குக் கீழே இருந்தால். 800 அடியில் இரண்டு பங்கு, 2,500 அடியில் ஆறு பங்கு என்று அறிக்கை வந்தால் சீலிங் 2,500, தாழ்ந்த முகிலின் அடி 800. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் எதை நம்பிப் புறப்படுவார்?

‘முகிலடி 800 அடி’ என்று எழுதிப் பாருங்கள், ‘அடி’ இரண்டும் முட்டிக்கொள்ளும். இதையும் கையேட்டில் சேருங்கள்: அறிக்கையின் உயரம் நிலையத்தின் தரையிலிருந்து அளந்தது. சீலிங் 1,200 என்று கேட்டுவிட்டு, நிலையத்தைவிட 900 அடி உயர்ந்த மேட்டைக் கடக்கப் போனால் இடையில் மிஞ்சுவது 300 அடிதான்.

தமிழாசிரியர்:
கூரையின் உட்பக்கத்துக்கு ‘மச்சு’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. மலைமுடியில் படியும் முகில் ‘மஞ்சு’. இரண்டையும் சேர்த்தால் ‘மஞ்சுமச்சு’.

ஸ்கட் என்பதற்குச் ‘சிதர்முகில்’ என்பேன். பொருநராற்றுப்படையில் தைத்துத் தைத்து நைந்த உடை ‘துன்னற் சிதாஅர்’. ‘சிதர்’ என்றால் மழைத்துளியும்தான். கந்தையும் துளியும் ஒரே வேரில் கிடைக்கும்போது வெறும் ‘கந்தல்’ எதற்கு?

மூன்றாவதற்கு முல்லைப்பாட்டே வழிகாட்டுகிறது: ‘கோடு கொண்டு எழுந்த கொடுஞ்செலவு எழிலி’. மலையை வளைத்து எழுந்து விரைந்து செல்லும் முகில். செலவு என்றால் பயணம். ஆகவே ‘எழிலியடிச் செலவு’.

வானிலை நோக்கர்:
ஐயா, ‘சிதர்’ அழகுதான், ஆனால் இந்த இடத்தில் ஆபத்து. எட்டில் மூன்று, நான்கு பங்கு மூடிய வானத்தை ஏற்கெனவே ‘சிதறிய முகில்’ என்று எழுதுகிறோம். அந்த நிலையில் சீலிங்கே கிடையாது, மாணவர் துணிந்து போகலாம் என்று நினைப்பார். ஸ்கட் நேர் எதிரானது. மழைமுகிலிலிருந்து விழும் துளிகள் கீழுள்ள காற்றில் ஆவியாகி அதை ஈரத்தால் நிறைக்கின்றன. அந்தக் காற்றில் பிய்ந்த துண்டுகளாக முகில் பிறக்கிறது. சில நிமிடங்களில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, மேலே இருந்த கூரைக்குக் கீழே புதிய கூரை ஆகிவிடும். ஓரெழுத்து வேறுபாட்டில் இந்த இரண்டையும் வைக்கக் கூடாது. ‘கந்தல் முகில்’ இருக்கட்டும்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியை, செல்சியஸ் பாகையில், 125 மீட்டரால் பெருக்கி முகிலின் அடியைக் கணிக்கும் கணக்கு அதே அதிகாரத்தில் வருமானால் ஒரு வரி சேருங்கள்: அது வெயிலில் தரை சூடாகி எழும் குவிமுகிலுக்கு மட்டும். மழையடிக் கந்தலுக்குப் பொருந்தாது.

இன்னொரு வாசகர்:
முகில் எதற்கு? எல்லாரும் மேகம் என்றுதான் சொல்கிறோம். ‘மேகக்கூரை’ என்றால் சந்திச் சிக்கலும் இல்லை. ‘முகிற்கூரை’யை எத்தனை பேர் தயங்காமல் படிப்பார்கள்?

தமிழாசிரியர்:
முகிலைத் தெரியாத தமிழர் உண்டா? ல் முன் க வந்தால் ற் ஆவது பள்ளிப் பாடம். ‘பாற்குடம்’ படிக்கிறவர் ‘முகிற்கூரை’யும் படிப்பார். மச்சை விட்டுவிடுகிறேன், மேகத்துக்கு உடன்பட மாட்டேன்.

பயிற்றுநர்:
கூரை எனக்குச் சம்மதம். ஆனால் வானூர்தி ஏறக்கூடிய உச்ச உயரத்தையும் சீலிங் என்பார்கள். அங்கே ‘ஏற்ற வரம்பு’ என்று தனியாகப் பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது சொல்தான் என் கவலை. ‘முகிலடிப் பறத்தல்’ குற்றமற்ற செயலாகத் தொனிக்கிறது. 6,000 அடி முகிலுக்குக் கீழே 2,000 அடியில் போவதும் முகிலடிப் பறத்தல்தானே? ஸ்கட் ரன்னிங்கில் மேலே கூரை இறங்குகிறது, கீழே தரை ஏறுகிறது, கம்பிகளும் கோபுரங்களும் கண்ணுக்குப் படும் முன்பே எதிரே நிற்கின்றன. அழுத்தம் குறைந்த பக்கம் போகிறவர் உயரமானியைத் திருத்தாவிட்டால், 10 ஹெக்டோபாஸ்கலுக்கு 300 அடியளவு கூடுதலாகக் காட்டும். அந்த நெருக்கடி சொல்லிலேயே இருக்க வேண்டும். ‘செலவு’ என்றால் மாணவர் எரிபொருள் செலவு என்றே படிப்பார்.

தமிழாசிரியர்:
அப்படியானால் பாதியில் திரும்புவதற்காவது தொல்காப்பியத்தின் ‘செலவழுங்கல்’ இருக்கட்டும்.

பயிற்றுநர்:
அழுங்கல் புறப்படும் முன் தயங்குவது. ‘செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே’ என்று நூற்பாவே சொல்கிறதே. இங்கே வேண்டியது வந்த வழியே 180 பாகை திரும்புவது. அதற்கு இடம் வேண்டும். காற்றில்லாதபோது, 30 பாகை சாய்த்தால், 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் வட்டத்தின் குறுக்களவு சுமார் 760 மீட்டர். 120 நாட் வேகத்தில் சுமார் 1,350. அதனால் முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறோம். பள்ளத்தாக்கின் நடுவே போனால் திரும்பப் பாதி அகலமே கிடைக்கும். காற்று மோதி ஏறும் சரிவை ஒட்டிப் போனால் முழு அகலமும் கிடைக்கும்.

முகிலுக்குள் நுழைந்தபின் திரும்பலாம் என்று எண்ணுவது தவறு. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகச் சோதனையில், கருவி பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேர் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 நொடிகளே ஆயின. ‘மீள்திருப்பம்’ என்று எளிதாக வையுங்கள். பதறும் வேளையில் நினைவுக்கு வருகிற சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமாகிவிட்டது. முகிற்கூரை, கந்தல் முகில், மீள்திருப்பம் மூன்றுக்கும் பெரும்பான்மை இருக்கிறது. ஸ்கட் ரன்னிங்குக்கு ‘முகில்நெருக்குப் பறத்தல்’ என்று போடுகிறேன். தலைப்பில் இடமில்லாததால் அங்கே மட்டும் ‘நெருக்குப் பறத்தல்’. ஐயா, வானிலை தெளியும்வரை புறப்படாமல் காத்திருப்பதற்குச் ‘செலவழுங்கல்’ அடைப்புக்குறிக்குள் வரும்.

தமிழாசிரியர்:
அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள்.

வானிலை நோக்கர்:
தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ‘நெருக்குப் பறத்தல்’ என்று தலைப்பில் மட்டும் பார்த்தால், இரண்டு வானூர்திகள் இறக்கையோடு இறக்கை நெருங்கிப் பறப்பது என்றுதான் நான் படிப்பேன். எழுத்தளவைக் குறைத்தாவது ‘முகில்’ என்பதைத் தலைப்பில் சேர்க்க முடியாதா?